எந்த வருஷத்துலருந்து எண்ணுறது?

"காசு மரக்கம்பெனிக்காரனோடது, நிலமும் அவனோடது, வெட்டுறதும் அவன்தான், கடைசியில மீனுக்கு ஒண்ணும் ஆகலைன்னு ஒரு ரிப்போர்ட் வரும், அதையும் நீ ராத்திரி முழிச்சு உக்காந்து படிப்ப. உனக்கு வேற வேலையே இல்லையா மச்சான்?" போன்ல நண்பன் கேட்டது இது. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல காட்டை எப்படி வெட்டினா ஓடைக்கும் மீனுக்கும் என்ன ஆகுதுன்னு பல்கலைக்கழகம், அரசாங்கத் துறைகள், மரக்கம்பெனிகள் எல்லாரும் சேர்ந்து பண்ற கூட்டு ஆராய்ச்சிகளைப் பத்தி நான் கொஞ்ச நாளா படிச்சுட்டிருந்தேன், கிடைச்சவங்ககிட்டல்லாம் அதையே பேசி அறுத்துட்டும் இருந்தேன். அவனுக்கு அதுல ஒரே கேள்விதான், யார் காசு. நரிக்கு நாட்டாமை குடுத்தா கிடைக்கு ரெண்டு ஆடு கேக்கும்னு சொல்லிட்டு போனை வச்சுட்டான்.

பழமொழி சரிதான், அதுல எனக்கு சண்டை இல்லை. காசு குடுக்கிறவன் பக்கம் முடிவு சாயறதை புகையிலையில பார்த்தாச்சு, சர்க்கரையில பார்த்தாச்சு. ஆனா இந்த ஓடை விஷயத்துல அந்தக் கேள்வி பாதி தூரம்தான் போகுதுன்னு எனக்கு உள்ள ஏதோ இடிச்சுட்டே இருந்தது, என்னன்னு தெளிவா சொல்ல வரலை. அதை இங்க எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

மூணு ஓடை, ஏழு வருஷம் சும்மா பார்த்தது

கதை 1950-கள் கடைசியில ஆரம்பிக்குது. ஓரிகன் கடற்கரை மலைத்தொடர்ல, அல்சீ ஆத்துப் படுகையில, பக்கத்துப் பக்கத்துல மூணு சின்ன ஓடைங்க. ஃப்ளின் க்ரீக், டீர் க்ரீக், நீடில் பிராஞ்ச். மூணுலயும் கோஹோ சால்மனும் கட்த்ரோட் டிரவுட்டும் உண்டு. திட்டம் கேக்க ரொம்ப சிம்பிள். ஃப்ளின் க்ரீக்கைத் தொடவே கூடாது, அதுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு. டீர் க்ரீக்ல கிட்டத்தட்ட கால்வாசிக் காட்டை மட்டும் திட்டுத் திட்டா வெட்டி, ஓடை ஓரத்து மரங்களை விட்டுடணும். சுமார் 70 ஹெக்டேர் இருக்கிற நீடில் பிராஞ்ச்ல அந்தக் காலத்து வழக்கப்படி கரை வரைக்கும் வழிச்சு வெட்டிடணும்.

இதுல எனக்குப் பிடிச்சது வெட்டினது இல்லை, வெட்டாம இருந்ததுதான். 1959-லருந்து 1965 வரைக்கும் ஏழு வருஷம் மூணு ஓடையிலயும் தண்ணி அளவு, வண்டல், வெப்பம், மீன் எண்ணிக்கைன்னு அளந்துட்டே இருந்திருக்காங்க. 1966-ல வெட்டு. அப்புறம் 1973 வரைக்கும் இன்னொரு ஏழு வருஷம். வெட்டுறதுக்கு முன்னாடி இவ்வளவு காலம் எதுக்குன்னு கேக்கலாம். சால்மன் இருக்கே, அது பொறக்கிறது ஓடையில, வளர்றது கடல்ல. கடல்ல ஒரு வருஷம் தீனி நல்லா இருந்தா ஓடைக்குத் திரும்பி வர்ற மீன் கூடும், இல்லாட்டி பாதியா விழும், காட்டுல ஒரு கிளை உடையாட்டியும் விழும். தொடாத ஓடையிலயே எண்ணிக்கை அப்படி ஏறி இறங்கும்போது, வெட்டின ஓடையில மட்டும் ரெண்டு வருஷம் எண்ணிட்டு குறைஞ்சுபோச்சுன்னு சொன்னாலும் கூடிடுச்சுன்னு சொன்னாலும் ரெண்டும் வெறும் வாய்ப்பேச்சுதான்.

மீனை எண்ணுறதே ஒரு கூத்து. இப்ப பரவலா பண்ற முறை என்னன்னா, ஓடையில ஒரு துண்டை எடுத்து மேல ஒரு வலை, கீழ ஒரு வலை கட்டி அடைச்சுடுவாங்க. ஒருத்தர் முதுகுல பேட்டரிப் பெட்டி, கையில ஒரு கம்பு, அதை தண்ணிக்குள்ள விட்டு லேசா கரண்ட் பாய்ச்சிக்கிட்டே நடப்பார். பாறைக்கு அடியில, வேருக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற மீனெல்லாம் ஒரு நிமிஷம் மயங்கி மேல வரும், பக்கத்துல வர்றவங்க கைவலையில அள்ளி பக்கெட்டுல போடுவாங்க. நீளம் அளந்து, எடை போட்டு வைப்பாங்க. அதோட முடியாது, அதே துண்டுல மறுபடியும் நடப்பாங்க, மூணாவது தடவையும் நடப்பாங்க. ஒவ்வொரு நடைக்கும் பிடிபடுறது எவ்வளவு குறையுதுங்கிறதை வச்சு, பிடிபடாம இன்னும் எத்தனை உள்ள இருக்கும்னு ஒரு கணக்கு. அப்புறம் எல்லா மீனையும் திரும்ப விட்டுட்டு அடுத்த துண்டுக்குப் போவாங்க. குளிர்ந்த தண்ணியில, வழுக்குற பாறையில, வருஷா வருஷம். இதைப் படிச்ச பிறகு மீன் எண்ணிக்கைன்னு ஒரு வரியில போட்டிருக்கிற எந்த அட்டவணையையும் என்னால வேகமா தாண்டிப் போக முடியலை.

சரி, நீடில் பிராஞ்ச்ல என்ன ஆச்சு? நல்லாவே ஆச்சு. வெட்டின கிளை, செத்தை எல்லாம் ஓடைக்குள்ளயே கிடந்ததுல 1966 கோடையில சில இடத்துல தண்ணியில இருக்கிற ஆக்ஸிஜன் மீன் தாங்காத அளவுக்கு விழுந்துச்சு. மிச்சத்துக்கு அந்த வருஷம் அக்டோபர்ல தீ வச்சாங்க. நிழல் சுத்தமா போச்சு. வருஷத்தோட உச்ச வெப்பம் முன்னாடி 14 டிகிரி கிட்ட இருந்தது, வெட்டினதுக்கு அடுத்த வருஷம் 29 டிகிரியைத் தொட்டுச்சு. குளிர்ந்த தண்ணி மீனுக்கு அது வெந்நீர். கட்த்ரோட் எண்ணிக்கை மூணுல ஒரு பங்கு அளவுக்கு இறங்கி, ஆராய்ச்சி முடியுற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. கரையோர மரத்தை விட்டு வச்ச டீர் க்ரீக்ல மரம் வெட்டினதாலன்னு சொல்ற மாதிரி வெப்பம் ஏறவே இல்லை, ஆனா அங்க ரோடு சரிஞ்சு வண்டல் இறங்கினது தனிக் கதை. ஜார்ஜ் பிரவுன்னு ஒருத்தர் கணக்குப் போட்டு, தண்ணி சூடாகறதுக்குக் காரணம் சூடான காத்து இல்லை, நேரா விழற வெயில்தான்னு நிரூபிச்சார். நிழலை விட்டா போதும்னு ஆகிடுச்சு. 1971-ல ஓரிகன்ல காட்டு வேலைகளுக்குன்னே சட்டம் வந்தது, அமெரிக்க மாநிலங்கள்ல அந்த மாதிரி முதல் சட்டம் அதுதான். அதுக்குப் பின்னாடி இந்த ஓடைக் கணக்கும் இருந்துச்சு.

கம்பெனி நிலத்துல, கம்பெனியும் கூட நின்னு பண்ண ஆராய்ச்சியில கம்பெனிக்கு வசதியில்லாத முடிவு வந்திருக்கு. நண்பன்கிட்ட இதைச் சொன்னா அது அந்தக் காலம்பான். சொல்லட்டும், இந்தக் காலத்துக்கும் ஒண்ணு இருக்கு.

0.7 டிகிரி

2002-ல ஓரிகன் வனத்துறை 33 இடத்துல ஓடை வெப்பத்தை அளக்க ஆரம்பிச்சது, 18 தனியார் காடு, 15 மாநிலக் காடு. இதுல யாரும் கரை வரைக்கும் வழிச்சு வெட்டலை, சட்டப்படி எவ்வளவு மரம் விடணுமோ அவ்வளவு விட்டுத்தான் வெட்டினாங்க. தனியார் இடங்கள்ல உச்ச வெப்பம் சராசரியா 0.7 டிகிரி ஏறியிருந்தது. மாநிலக் காட்டுல பஃபர், அதாவது ஓடை ஓரமா வெட்டாம விடுற மரப்பட்டை, அகலம் கூட, அங்க சராசரியா ஏறவே இல்லை. 29 டிகிரி பார்த்த கண்ணுக்கு 0.7 எல்லாம் ஒரு விஷயமான்னு தோணும். ஆனா குளிர்ந்த ஓடையை மனுஷ வேலையால 0.3 டிகிரிக்கு மேல சூடாக்கக்கூடாதுன்னு மாநிலத்துல தண்ணித் தர விதி ஒண்ணு இருந்துச்சு. தனியார் இடத்துல அந்த வரம்பு மீறுறதுக்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம்னு கணக்கு வந்தது. இழுத்தடிச்சு, கூட்டம் போட்டு, 2015-ல ஓட்டெடுத்து, 2017-லருந்து சால்மன் வகை மீன் இருக்கிற சின்ன ஓடைக்கு 60 அடி, நடுத்தர ஓடைக்கு 80 அடின்னு பஃபரை அகலப்படுத்தினாங்க. முன்னாடி இருந்தது 50-ம் 70-ம். பத்து அடிக்கு பதினஞ்சு வருஷம்!

கிண்டலாத்தான் சொல்றேன், ஆனா அந்தப் பத்தடிக்குள்ள நிக்கிற ஒவ்வொரு டக்ளஸ் ஃபர் மரமும் ஒருத்தரோட பணம். அவர் வாயை மூடிட்டு அதை விட்டுக்குடுக்கணும்னா, உங்க தெர்மாமீட்டர் சரியில்லை, நீங்க பொறுக்கின ஓடை சரியில்லைன்னு அவர் சொல்ல வழி இருக்கக்கூடாது. கூட்டு ஆராய்ச்சியோட உண்மையான லாபம் இங்கதான்னு நான் நினைக்கிறேன். நிலத்தகராறுல சர்வே சங்கிலியோட ஒரு முனையை எதிராளி கையில குடுத்துட்டு அளக்கிற மாதிரி. அளந்து முடிச்ச பிறகு அவர் ஆயிரம் பேசலாம், சங்கிலி சரியில்லைன்னு மட்டும் பேச முடியாது.

அதனால அளவுல கள்ளத்தனம் இருக்குமோங்கிற பயம் எனக்குப் பெருசா இல்லை. சில முடிவுகள் கம்பெனிக்கு சாதகமா வரும்போதும் அதுக்குக் காரணம் ஓடையிலயே இருக்கு. ஹிங்கிள் க்ரீக்னு இன்னொரு கூட்டு ஆராய்ச்சி, ஒரு மரக்கம்பெனி நிலத்துலயே 2001-ல ஆரம்பிச்சது. அங்க மலை உச்சிப் பக்கம் ஆரம்பிக்கிற, மீன் ஏறாத குட்டி ஓடைங்கள்ல பஃபர் இல்லாமலேயே வெட்டினாங்க, எல்லாரும் வெப்பம் எகிறும்னு பார்த்தா ஒரே மாதிரி ஏறவே இல்லை, சிலது கொஞ்சம் குளிர்ந்துகூட போச்சு. என்னடான்னு பார்த்தா வெட்டின கிளையும் செத்தையும் அந்தக் குட்டி ஓடைக்கு மேல கூரை மாதிரி மூடிக் கிடந்திருக்கு, அதுவே நிழல். 1966-ல மூச்சு முட்ட வச்ச அதே செத்தை. அந்தச் செத்தை மக்கிப்போன பிறகு என்ன, அடுத்த பத்து வருஷத்துக்கு என்னன்னு நீங்க கேப்பீங்க. நானும் அங்கதான் வந்து நின்னேன்.

பாதியா குறைஞ்ச தண்ணி

2006-ல அல்சீ ஓடைகள்ல மறுபடியும் பெரிசா ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. 1966-ல மொட்டையடிச்ச நீடில் பிராஞ்ச்ல நட்ட டக்ளஸ் ஃபர் தோட்டம் அப்ப 40 வயசு, வெட்டுக்குத் தயார். அதே ஓடை, அதே ஃப்ளின் க்ரீக் ஒப்பீட்டுக்கு, ஆனா இந்தத் தடவை அப்ப இருந்த விதிப்படி பஃபர் விட்டு வெட்டுறது. இதுக்கு மரத்தொழில் பக்கத்துலருந்தும் ஆதரவு இருந்தது, ஏன் இருக்காது, நாங்க மாறிட்டோம்னு காட்ட இதைவிட நல்ல மேடை கிடைக்குமா? 2009-ல மேல் பகுதியை வெட்டினாங்க. உச்ச வெப்பத்துல சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்லை. வண்டல் கூடலை. கோஹோவும் கட்த்ரோட்டும் குறைஞ்சதா தெரியலை. பழைய நீடில் பிராஞ்ச் கதையைப் படிச்சுட்டு இதைப் படிச்சா உண்மையிலேயே பெரிய நிம்மதி. சட்டம் வேலை செஞ்சிருக்கு.

அப்புறம்தான் 2020-ல வந்த இன்னொரு கட்டுரை கையில கிடைச்சது, அதே ஓடைகளோட தண்ணி அளவுக் கணக்கு. அதுல ஒரு வரியில நான் அப்படியே நின்னுட்டேன். 2009-ல வெட்டுறதுக்கு முன்னாடி, 2006-லருந்து 2009 வரைக்கும் கோடையில நீடில் பிராஞ்ச்ல ஓடின தண்ணி, வயசான காடு நிக்கிற ஃப்ளின் க்ரீக்கை வச்சுப் பார்த்தா வந்திருக்க வேண்டியதுல பாதிதான் இருந்துச்சாம். வருஷம் பூராவும் சேர்த்துப் பார்த்தா கால்வாசி குறைவு. காரணம் அந்த 40 வயசுத் தோட்டம்தான். எல்லாம் ஒரே வயசு, நெருக்கமா நட்டது, வளர்ற வேகத்துல வேரால உறிஞ்சி இலையால ஆவியா விட்டுட்டே இருக்கு. வயசான காடு கோடையில தண்ணி விஷயத்துல கொஞ்சம் நிதானமா நடந்துக்கும், இளங்காட்டுக்கு அந்த நிதானம் கிடையாது. இது ஒரு ஓடையோட கூத்துமில்லை. 2017-லயே பெரி, ஜோன்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓரிகன்ல வேற மலைப்பகுதி ஓடைகளை எடுத்து, 34-லருந்து 43 வயசுத் தோட்டங்களுக்குக் கீழ கோடைத் தண்ணி பழங்காட்டைவிட பாதி குறைவுன்னு எழுதியிருந்தாங்க.

இதை கொஞ்சம் மெதுவா யோசிச்சுப் பாருங்க. 1973-ல முதல் ஆராய்ச்சி முடிஞ்சப்ப இந்த பாதிப்பு பொறக்கவே இல்லை. மரத்தை வெட்டினா முதல்ல சில வருஷம் ஓடையில தண்ணி கூடத்தான் செய்யும், உறிஞ்ச ஆள் இல்லையே. தோட்டம் வளர்ந்து தண்ணி குறைய ஆரம்பிக்கிறது அப்புறம், எல்லாரும் மூட்டை கட்டிட்டுக் கிளம்பின பிறகு. அடுத்து, 2006-ல ரெண்டாவது சுற்று தொடங்கினப்ப, வெட்டுறதுக்கு முந்தைய நிலைன்னு எதை எழுதி வச்சாங்க? அந்தப் பாதித் தண்ணி ஓடையைத்தான். அதுல இருக்கிற மீன் எண்ணிக்கைதான் தொடக்கப் புள்ளி, அதோட ஒப்பிட்டுத்தான் மீன் குறையலைங்கிற முடிவு. அந்த முடிவு பொய் இல்லை, துல்லியமான உண்மை. ஆனா அது பதில் சொல்ற கேள்வி வேற, ஏற்கனவே ஒரு தடவை வெட்டின ஓடையை நல்ல விதிப்படி ரெண்டாவது தடவை வெட்டினா இன்னும் மோசமாகுமாங்கிறது. முதல் வெட்டுக்கு முன்னாடி அங்க ஓடின தண்ணிக்கு எத்தனை மீன் இருந்திருக்கும்ங்கிறது அந்தக் கணக்குக்குள்ளயே வரலை. சரி, 2009 வெட்டுக்குப் பிறகாவது கோடைத் தண்ணி தேறுச்சான்னா, கொஞ்சம் கூடினாலும் கோடைப் பற்றாக்குறை அப்படியேதான் இருந்திருக்கு. கரையோரம் விட்ட மரங்களும் புதுசா முளைச்சதும் சேர்ந்து குடிச்சிருக்கும்கிறாங்க. நிழலுக்காக விட்ட மரம் தண்ணியையும் குடிக்கும், வேற என்ன பண்ணும்.

இதுல வேடிக்கை என்னன்னா இந்தக் குறையைக் காட்டிக்குடுத்ததும் அதே கூட்டு ஆராய்ச்சியோட அளவுகள்தான். யாரும் எதையும் மறைக்கலை. காசு குடுத்தவங்க கண்ணெதிர்லயே எல்லாம் நடந்திருக்கு. கடிகாரத்தை எங்க ஆரம்பிக்கிறதுங்கிறதுல மட்டும்தான் எல்லாமே மாறிப்போச்சு, அதை ஆரம்பிச்சதும் சதி பண்ணி இல்லை, 2006-ல போய் நின்னா 2006-ல இருக்கிற காடுதானே கண்ணுல படும். யார் காசுங்கிற கேள்வி பாதி தூரம்தான் போகுதுன்னு நான் முதல்ல இழுத்தது இதுக்குத்தான். நூத்துக்கு நூறு அரசாங்கப் பணத்துல, பரம யோக்கியர் ஒருத்தர் 2006-ல தனியா ஆரம்பிச்சிருந்தாலும் இதே தொடக்கப் புள்ளியிலதான் நின்னிருப்பார்.

முடிக்கிற இடத்துலயும் இதே சிக்கல் உண்டு. கனடாவுல வான்கூவர் தீவுல கார்னேஷன் க்ரீக், 1970-லருந்து பார்த்துட்டு வர்றாங்க, 1976-லருந்து 1981 வரைக்கும் வெட்டினாங்க. வெட்டினதுல குளிர்காலத் தண்ணி கொஞ்சம் சூடாச்சு, சரளைக்குள்ள இருக்கிற கோஹோ முட்டை சீக்கிரம் பொரிஞ்சு குஞ்சுகள் ஆறு வாரம் வரைக்கும் முன்னாடியே வெளிய வந்துடுச்சு. வளர நாள் கூட கிடைச்சதுல பெருசா வளர்ந்து, குளிரைத் தாண்டிப் பிழைச்சதும் அதிகம், ஒரு வயசுலயே கடலுக்குக் கிளம்பினதும் அதிகம். ஓடையோட நிறுத்தி எண்ணியிருந்தா மரம் வெட்டினது கோஹோவுக்கு நல்லதுன்னே எழுதியிருக்கலாம். ஆனா கிளம்பினது ரெண்டு வாரம் போல முன்னாடி, கடல்ல தீனி சேர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுச்சு, அங்க பிழைச்சது குறைவு. அதே ஓடையில 'சம்'னு (chum) இன்னொரு வகை சால்மன் குறைஞ்சே போச்சு. இத்தனைக்கும் அங்க யாரும் 29 டிகிரி பார்க்கலை. ஒண்ணு ரெண்டு டிகிரி, அதுவும் குளிர்காலத்துல, யாருக்கும் கவலையே இல்லாத பருவத்துல.

கேள்வி கேக்கிறவங்க யாரு

அதனால நான் இப்ப இந்த ரிப்போர்ட்டுகளைப் படிக்கிற வரிசையே மாறிடுச்சு. முடிவுரைக்கு முதல்ல போறதில்லை, நன்றியுரையில யார் காசுன்னு பார்க்கிறேன் (பார்க்காம இருக்க முடியலை, நண்பன் குரல் கேக்குது), அப்புறம் நேரா எந்த வருஷத்துலருந்து எந்த வருஷம் வரைக்கும், வெட்டுறதுக்கு முன்னாடி அங்க என்ன காடு நின்னுச்சுங்கிற பத்திக்குப் போயிடுறேன். பாதி ரிப்போர்ட்டுல அது ஒரே ஒரு வாக்கியமா இருக்கும்.

ஓரிகன்ல இப்ப இதுக்கு ஒரு ஏற்பாடு வந்திருக்கு, எனக்கு அதுல நம்பிக்கையும் சந்தேகமும் சம அளவுல இருக்கு. பல வருஷம் கோர்ட்டுலயும் ஓட்டுப்பெட்டியிலயும் அடிச்சுக்கிட்ட மரக்கம்பெனிகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் 2020-ல உக்காந்து பேச ஆரம்பிச்சு, 2021 அக்டோபர்ல ஒரு உடன்பாட்டுக்கு வந்தாங்க, 2022-ல அது சட்டமாச்சு. மீன் இருக்கிற ஓடைக்கு மேற்குப் பகுதியில 110 அடி வரைக்கும் பஃபர். பத்தடிக்கு பதினஞ்சு வருஷம் இழுத்த இடத்துல இது ரொம்பப் பெரிய தாவல். செய்தியில எல்லாம் அந்த அடிக்கணக்குதான் அடிபட்டுச்சு. எனக்கு சுவாரசியமா பட்டது அதுக்குள்ள இருக்கிற இன்னொண்ணு, எதை ஆராயணும்னு முடிவு பண்ற குழு தனி, அதுல ரெண்டு தரப்பு ஆளுங்களும் உண்டு, ஆராய்ச்சியை நடத்துற விஞ்ஞானிகள் குழு தனி. காசு குடுக்கிறவங்களுக்கும் அளவு எடுக்கிறவங்களுக்கும் நடுவுல சுவர் கட்டுறது பழைய யோசனை. கேள்வியை யார் எழுதுறாங்கன்னு வெளிப்படையா ஒரு மேசையில வச்சது எனக்குப் புதுசு.

ஆனா அந்த மேசையில உக்கார்றவங்களுக்கும் அவசரம் இருக்கும். கம்பெனிக்கு அடுத்த வெட்டு எப்பன்னு தெரியணும், மத்தவங்களுக்கு அடுத்த தேர்தலுக்குள்ள ஏதாவது காட்டணும், நிதி ஒதுக்குறவங்களுக்கு ரெண்டு வருஷ பட்ஜெட். கோடைத் தண்ணி பாதியா குறையறது தெரிய நாற்பது வருஷம் ஆச்சு, இவங்கள்ல யாருமே அதுவரைக்கும் அந்த நாற்காலியில இருக்கப்போறதில்லை. ஃப்ளின் க்ரீக் மாதிரி தொடாத ஓடையை யாரும் தொடாம பார்த்துக்கிறதும், அங்க தண்ணி அளக்கிற மீட்டருக்கு வருஷா வருஷம் பணம் கட்டுறதும் யாருக்கும் பேர் வாங்கித் தராத செலவு. அந்தக் குழுவோட கூட்டக் குறிப்புகளை நான் தேடிப் படிச்சுட்டிருக்கேன். தூக்கம் வர்ற படிப்புதான், உண்மையைச் சொல்லணும்ல. ஆனா எந்த ஓடையை எத்தனை வருஷம் பார்க்கப் போறாங்கங்கிறது அங்கதான் முடிவாகுது, ரிப்போர்ட் வர்றப்ப இல்லை.